ஏழாம் நம்பர் மலைக்கு மேல் நான்கு ஊற்றுகள்

வெள்ளவத்தை
12 பெப்ரவரி 2024

மேனகா மதினிக்கு,

அன்று கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "மேல் காட்டுல நாலு ஊத்துக்கண்ணு இருக்குங்க. எங்க லயத்து வீடுகளுக்கெல்லாம் அந்தத் தண்ணிதான். நம்ம பாப்பாவையே கேளுங்க, அதக் குடிச்சு வளந்த புள்ளதானே இது."

உங்கள் அப்பா, என் மாமா, இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்வதற்காகத்தான் அந்த மேசைக்குப் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் சொன்னது, "தேயிலைத் தோட்டத்து மக்களைக் கூப்பிட்டதற்கு நன்றி சொல்கிறார்." எங்கள் திட்டப் பொறுப்பாளர் டில்ஷானி மாமாவைப் பார்த்து அன்பாகத் தலையாட்டினார். மாமாவும் தலையாட்டினார். அடுத்த தோட்டத்துக்காரரை எழும்பச் சொன்னார்கள்.

நீங்கள் கடைசி வரிசையில் இருந்தீர்கள். உங்களுக்கு ஆங்கிலம் பேச வராது, கேட்டால் விளங்கும் என்பது எனக்குத் தெரியும். அன்று மாலையே உங்கள் போனில் என் நம்பரைத் தடுத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம்.

அந்தக் கூட்டம் எதற்கு என்று மாமாவுக்குச் சரியாகச் சொல்லியிருப்பார்களோ தெரியாது. களனி கங்கைக்கு நீர் சேர்க்கும் மேல்நாட்டுச் சரிவுகளை எங்கள் ஆபீஸ் நிறம் பிரித்து வரைபடம் செய்கிறது. ஊற்று உள்ள சரிவு பச்சை. அங்கே மரம் வெட்டவோ மண் கிளறவோ கூடாது என்று பரிந்துரை போகும். ஊற்று இல்லாத சரிவு மஞ்சள். தோட்ட நிர்வாகம் அதைக் குத்தகைக்குக் கொடுக்கலாம். ஏழாம் நம்பர் மலைக்கு மேலே இருக்கும் காடு மஞ்சளில் இருக்கிறது, ஏனென்றால் பழைய நில அளவையில் அங்கே ஊற்று எதுவும் இல்லை. இப்படியான பிழைகளைத் திருத்தத்தான் மக்களைக் கூப்பிட்டார்கள். மாமா திருத்தினார். நான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். ஆபீசில் என்னைக் கொழும்பில் பிறந்தவள் என்று நினைக்கிறார்கள். நான் பொய் சொல்லவில்லை. எந்த ஊர் என்று கேட்டபோது "இங்கதான்" என்றேன், அவர்கள் அதற்குமேல் கேட்கவில்லை. இங்கே வீட்டுக்கார அம்மாவிடமும் அப்படித்தான். பிறகு தோட்டத்துப் பேச்சு தெரியாமலிருக்க "ஆமா" என்பதை விட்டு "ஓம்" என்று சொல்லப் பழகினேன். "வந்தனான்", "கதைக்கிறன்" எல்லாம் தானாக வந்துவிட்டன. அன்று மாமாவிடமும் "ஓம் அய்யா, கதையுங்கோ" என்றேன்.

அவர் சொன்னதில் ஊற்றும் நானும் சேர்ந்து இருந்தோம். பிரித்துச் சொல்லியிருக்கலாம். ஊற்றை மட்டும் சொல்லி என்னை விட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து அரிசி கழுவும்போதுதான் இது தோன்றியது. அந்த இடத்தில் என் காதில் விழுந்தது "நம்ம பாப்பா" மட்டும்தான்.

மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள். இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

நிஷாந்தினி


கொட்டாஞ்சேனை
21 பெப்ரவரி 2024

நிசா,

கடிதத்தை மருந்துக்கடையிலேயே, கவுண்டருக்குக் கீழே வைத்து வாசித்தேன். ஒரு ஆள் வந்து காய்ச்சலுக்குப் பனடோல் கேட்டான், நான் அவனுக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்தேன்.

முதல் கேள்வி. எப்போதிருந்து நான் உனக்கு "நீங்கள்"? ஒரே பாயில் படுத்து, ஒரே சீப்பில் பேன் எடுத்த ஆட்கள் நாம். உன் ஆபீஸ் மரியாதையை உன் ஆபீசோடு வைத்துக்கொள்.

கூட்டம் முடிந்து அப்பாவை இங்கே கூட்டி வந்தேன். 155 பஸ்ஸில் வழி முழுக்க உன் பேச்சுத்தான். வீட்டில் புஷ்பராஜிடம் சொல்கிறார்: "பாப்பா இங்கிலீசுல பொளந்து கட்டுச்சு மாப்புள. நான் ரெண்டு வார்த்த சொன்னேன், அது அழகா சுருக்கிச் சொல்லிருச்சு. அந்தம்மா தலைய ஆட்டுனாங்க."

புஷ்பராஜ் என் முகத்தைப் பார்த்தார். நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஆனா மாமா, அது என்னா உங்கள அய்யாங்குது?" என்று அவர் கேட்டார். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"அது ஆபீஸ் பாஷை மாப்புள. அங்க போய் மாமான்னு கூப்புட முடியுமா? மரியாத கெட்டுப் போகும்."

உனக்காக அவரே காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். நீ ஒன்றும் சிரமப்பட வேண்டியதில்லை.

இப்போது மலையில் எல்லா வீட்டிலும் இதே கதை. நம்ம பிள்ளை சொல்லியாச்சு, இனி மேல் காட்டில் யாரும் கை வைக்க முடியாது என்று. அத்தை, அதாவது உன் அம்மா, அதைக் கேட்டு அழுதார்களாம், சந்தோசத்தில்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். தை மாதமே நுவரெலியாப் பக்கத்து முதலாளி ஒருவன் லீக்ஸ் பயிர் போட இடம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். மேல் காட்டைத்தான் காட்டினார்களாம். அதனால்தான் அப்பா லீவு போட்டுக்கொண்டு கொழும்புக்கே வந்தார். உன் ஆபீசில் டீயும் பற்றீசும் சாப்பிடுவதற்காக இல்லை.

மன்னிப்பை எனக்கு அனுப்பாதே. நான் குடிப்பது அம்பத்தலையில் மருந்து போட்டுச் சுத்தம் பண்ணிக் குழாயில் அனுப்பும் தண்ணீர். அத்தைக்கு அப்படி ஒரு குழாய் இல்லை. உன் டில்ஷானியிடம் போய் ஒரு வார்த்தை சொல்லு. அந்த வரைபட அறிக்கை எப்போது முடிகிறது?

மேனகா


வெள்ளவத்தை
5 மார்ச் 2024

மதினி,

"நீ" என்றே எழுதுகிறேன். அறிக்கை இந்த மாதக் கடைசியில் போகிறது. பெரிய வெள்ளிக்கு முன்பே அனுப்பிவிட வேண்டும் என்கிறார்கள்.

திங்கட்கிழமை டில்ஷானியின் அறைக்குப் போனேன். "என்ன நங்கி, இரு" என்றார். எங்களையெல்லாம் தங்கை என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனுஷி. அது இதைக் கடினமாக்குகிறது. கெட்டவரென்றால் அவர்மேல் பழியைப் போட்டிருப்பேன்.

நான் சிங்களத்தில், ஏழாம் நம்பர் மலைக்கு மேலே ஊற்று இருப்பதாகத் தெரிகிறது என்றேன்.

"யார் சொன்னது?"

"தோட்டத்து ஆட்கள்."

"கூட்டத்தில் சொல்லவில்லையே. அந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர் நன்றிதானே சொன்னார்?"

அவர் வரைபடத்தைக் கணினியில் திறந்து பெரிதாக்கினார். காடு ஒரு விரல்நகம் அளவுக்கு மஞ்சளாகத் தெரிந்தது. "இதைப் பச்சை ஆக்குவது பெரிய வேலையே இல்லை" என்றார். "அங்கே இருப்பவர்கள் கையெழுத்து வைத்து ஒரு கடிதம் தரட்டும். இல்லாவிட்டால் நேரில் பார்த்த ஒருவர் இடத்தைக் குறித்துக் காட்டிப் பெயர் போட்டால் போதும்."

நேரில் பார்த்த ஒருத்தி அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். உனக்குத் தெரியும், வருடத்துக்கு ஒரு தரம் ஊற்று வெட்டித் துப்புரவாக்க வீட்டுக்கு ஒருவர் போகவேண்டும். அப்பா கொழும்பில் கடையில் நின்ற வருடங்களில் எங்கள் வீட்டுக்காகப் போனது நான்தான். மூன்று கண்கள் பெரியவர்களுக்கு எட்டும். நாலாவது பாறைக்கு அடியில். என்னைத்தான் அதற்குள் இறக்குவார்கள். வயிறு மண்ணில் பட ஊர்ந்து போய் இலையையும் சேற்றையும் அள்ளி வெளியே தள்ளுவேன். மாமா என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருப்பார். அந்தப் பாறை எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு என்னால் குறிக்க முடியும்.

"கடிதம் எடுத்துத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கு என்ன நஷ்டம் வந்திருக்கும்? யோசித்துப் பார்த்தேன். வேலை போகாது. யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லமாட்டார்கள். இவ்வளவு நாளும் மறைத்தாளே என்று ஒரு நிமிடம் நினைப்பார்கள். அந்த ஒரு நிமிடத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மதினி, மாமாவிடம் சொல்லி ஒரு கடிதம் எழுதி, லயத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்பச் சொல்கிறாயா? மாதம் முடிவதற்குள் வந்தால் போதும்.

நிசா


கொட்டாஞ்சேனை
16 மார்ச் 2024

நிசா,

நீ கேட்டபடி அப்பாவுக்குப் போன் பண்ணினேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா, ஊத்தப் பத்தி ஒரு லெட்டர் எழுதி, எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி அனுப்புங்க."

"எதுக்கு? அதான் அன்னைக்கே சொல்லியாச்சே."

"எழுத்துல வேணுமாம்."

"யாரு கேக்குறது, பாப்பாவா?"

"ஆபீசுல."

பிறகு சொல்கிறார்: "அப்ப பாப்பா சொன்னத அவங்க நம்பலயா?"

"அப்படி இல்லப்பா."

"பின்ன என்னா? அங்க வேல செய்ற புள்ள, தானே வாயத் தொறந்து சொல்லிருக்கு. அதுக்கு மேல நாங்க பத்துப் பேரு கையெழுத்து வச்சு அனுப்புனா, இவ பேச்சு செல்லாதுன்னு நாங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும். அந்தப் புள்ளய நாலு பேருக்கு முன்னால கேவலப்படுத்தச் சொல்றியா? சங்கத்துத் தலைவருகூட எழுதுவோம்னாரு. நான்தான் வேணாம்னேன்."

விளங்கியதா? மற்றவர்கள் எழுதப் போனதையும் அவர் நிறுத்தியிருக்கிறார். உன் மானத்தைக் காப்பாற்ற.

"அவள் சொல்லவே இல்லை அப்பா" என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அத்தை பக்கத்தில் நின்று "நிசா எப்படி இருக்குன்னு கேளுங்க" என்று சொல்வது போனில் கேட்டது. நான் "சரிப்பா, பரவாயில்ல" என்று வைத்துவிட்டேன். இப்போது நானும் உன் கட்சிக்காரி. அதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் கோபம்.

நீ அப்பாவிடம் உண்மையைச் சொல்லு, அவர் அன்றைக்கே கையெழுத்து வாங்கி அனுப்புவார். இல்லையென்றால் டில்ஷானியிடம் நான்தான் பார்த்தேன் என்று சொல்லு. இரண்டும் வேண்டாம், ஒன்று போதும். எனக்கு வரும் கோபத்துக்கு நானே உன் ஆபீசுக்கு வந்து கத்தியிருப்பேன். நான் கத்தினால் அது குடும்பச் சண்டை. நீ சொன்னால்தான் அது சாட்சி.

மேனகா


வெள்ளவத்தை
2 ஏப்ரல் 2024

மதினி,

இதை வாசித்த பிறகு நீ எனக்கு எழுதமாட்டாய் என்று நினைக்கிறேன்.

மாமாவுக்குப் போன் எடுத்தேன். "சொல்லு பாப்பா" என்றார். சுகமா என்று கேட்டேன். மழை இல்லை என்றார். வைத்துவிட்டேன்.

பிறகு இருபத்தாறாம் திகதி, கடைசி நேரத்தில், நானே ஒரு குறிப்பு எழுதினேன். நான்கு கண்களையும் வரைபடத்தில் குறித்தேன். எதில் மாசி வரைக்கும் தண்ணீர் வரும், எதில் முதலில் குறையும், குழாய் எந்த இடத்தில் தொடங்குகிறது, பாறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எல்லாம் எழுதினேன். எழுதும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. இந்த விவரம் எப்படிக் கிடைத்தது என்று எழுதவேண்டிய இடம் வந்தது. "பிரதேச மக்களிடம் விசாரித்ததில் அறியக் கிடைத்தது" என்று எழுதினேன்.

டில்ஷானி வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "இவ்வளவு துல்லியமாக யார் சொன்னது, நங்கி? இது பார்த்த ஆள் சொன்னது. அந்தப் பெயரைப் போடு, இப்போதே மாற்றுகிறேன்."

றொஹான் பக்கத்து மேசையில் இருந்தான். கொச்சிக்கடைக்காரன், நல்லவன், எதையும் பகிடியாக்குவான். "நிஷாவுக்கு ராத்திரி கனவுல மாதா வந்து காட்டியிருப்பா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்ததைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். சொல்லாமல் இருந்ததற்குப் பயம் என்று ஒரு காரணம் இருக்கிறது. சிரித்ததற்கு என்ன காரணம்?

"ஆளிடம் கேட்டுவிட்டு வருகிறேன்" என்றேன். "நாளை மத்தியானம் வரைக்கும் வைத்திருக்கிறேன்" என்றார் டில்ஷானி. மறுநாள் நான் ஆபீசுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று செய்தி அனுப்பினேன். ராமகிருஷ்ணா வீதியால் நடந்து போய்க் கடற்கரைத் தண்டவாளத்துப் பக்கம் இருந்தேன். அன்று புதன்கிழமை மாலையே அறிக்கை போய்விட்டது. காடு மஞ்சளிலேயே இருக்கிறது. கூட்டத்தைப் பற்றிய பக்கத்தில், அந்தத் தோட்டத்து மக்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதியிருக்கிறது. அந்த வரிக்கு ஆதாரம் என் மொழிபெயர்ப்பு.

நான் நிறையப் படிக்கிறவள், உனக்குத் தெரியும். வெட்கத்தைப் பற்றிப் பிறர் எழுதிய பக்கங்களில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அவையெல்லாம் இன்னொருவருடைய வெட்கத்தை ரசிக்கத்தான் உதவின.

நிசா


கொட்டாஞ்சேனை
9 ஏப்ரல் 2024

நிஷாந்தினி,

புதுவருடத்துக்கு நாங்கள் தோட்டத்துக்குப் போகிறோம். அத்தைக்குச் சேலை வாங்கியாச்சு. நீ வாங்கிக் கொடுத்ததாகச் சொல்கிறேன். நீ வராதே. நீயும் நானும் ஒரே வீட்டில் இருந்தால் என் முகத்தைப் பார்த்தே அவர்கள் கேட்பார்கள்.

பதில் எழுதாதே.

மேனகா


கொட்டாஞ்சேனை
22 ஜூலை 2024

நிஷாந்தினி,

எழுதாதே என்று சொன்னது நான். எழுதுவதும் நான்.

போன கிழமையிலிருந்து மேல் காட்டில் மரம் வெட்டுகிறார்கள். குத்தகை சித்திரையிலேயே கையெழுத்தாகிவிட்டதாம், ஐந்து வருடத்துக்கு. அப்பாவும் தலைவரும் தோட்டத்து மேனேஜர் துரையிடம் போனார்கள். கொழும்பு வரைபடத்தில் அங்கே ஊற்று இல்லை, மக்களுக்கும் ஆட்சேபனை இல்லை என்று அவர் தாளைக் காட்டியிருக்கிறார்.

அப்பா போனில் சொன்னதை எழுதுகிறேன்: "பாத்தியா, பாப்பா அவ்வளவு சொல்லியும் கேக்கல. அந்தப் புள்ள மனசு என்ன பாடுபடுமோ. நீ போய்ப் பாத்து, ஒன் மேல தப்பில்லன்னு சொல்லிட்டு வா."

சொல்லிவிட்டேன்.

இரண்டு நாளாக மழை. மட்டக்குளியில் களனி ஆறு கடலில் விழும் இடம் சிவப்பாகக் கிடக்கிறது என்று புஷ்பராஜ் சொன்னார். அது நம் மண் இல்லை என்று எனக்குத் தெரியும், நம் மலை அவ்வளவு பெரியது இல்லை. ஆனாலும் வேலை முடிந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மேனகா


வெள்ளவத்தை
10 நவம்பர் 2024

மதினி,

நீ பிள்ளையின் காய்ச்சலால் தீபாவளிக்கு மலைக்குப் போகவில்லை என்று அம்மா சொன்னார். அங்கே நடந்ததை நீ யாரிடமாவது கேட்பதற்கு முன் நான் எழுத வேண்டும்.

உன் ஜூலைக் கடிதம் கிடைத்த மறுநாள் டில்ஷானியிடம் சொன்னேன். "அந்த ஊற்றுகளைப் பார்த்தது நான்தான். நான் அங்கே பிறந்தவள். கூட்டத்தில் பேசியவர் என் மாமா. அவர் நன்றி சொல்லவில்லை." டில்ஷானி கோபப்படுவார் என்று நினைத்தேன். "இதை மார்ச்சில் சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை" என்றார், அவ்வளவுதான். இனிக் கூட்டங்களுக்கு வேறொருவரை மொழிபெயர்க்க வைப்பதாகச் சொன்னார். சரி என்றேன். ஆவணியில் அறிக்கைக்குத் திருத்தம் போனது. இப்போது அந்த விரல்நகம் பச்சையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பரிந்துரை ஏற்கனவே கொடுத்த குத்தகைகளைக் கட்டுப்படுத்தாது.

தீபாவளிக்கு மறுநாள் தண்ணீர் பவுசர் லொறி வந்தது. லயமே கேன்களோடு பாதையில் நின்றது. நான் அம்மாவின் கேனோடு மாமாவுக்குப் பின்னால் நின்றேன். அவர் எனக்கு முன்னாலேயே மற்றவர்களிடம், "நம்ம புள்ள சொல்லியும் அவனுக கேக்கலயே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது உண்மையைச் சொன்னேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. "அப்ப அந்தம்மாவுக்குத் தெரியவே தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியாது மாமா."

"நான் சொன்னத என்னான்னு சொன்ன?"

"நன்றி சொல்றீங்கன்னு சொன்னேன்."

பின்னால் நின்ற சீனியம்மா, "சத்தமாச் சொல்லுடி, இங்க கேக்கல" என்றாள். அவள் நையாண்டி பண்ணவில்லை, உண்மையிலேயே கேட்கவில்லை. நான் திரும்பி நின்று சத்தமாகச் சொன்னேன். யாரும் ஏசவில்லை. வரிசை நகர்ந்தது. மாமா தன் கேனைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

பிறகு மேலே ஏறிப் பார்த்தேன். லீக்ஸ் பாத்திகள் பாறை வரைக்கும் வந்துவிட்டன. இரண்டு கண்கள் பாத்திக்கு வெட்டிய மண்ணில் மூடிப்போய்விட்டன. ஒன்றில் தண்ணீர் இல்லை. பாறைக்கு அடியில் இருப்பதில் சேறு வருகிறது, மேலே பயிருக்கு அடிக்கும் மருந்தின் வாடையும் இருக்கிறது. குடிக்க வேண்டாம் என்று சுகாதாரப் பரிசோதகர் பீ.எச்.ஐ. சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பவுசர் வாரத்துக்கு இரண்டு முறை வருகிறது. மழை நாளில் அது பாதை ஏறாது.

நிசா